முத்துக்கண்ணு சம்சாரம்

"முத்துக்கண்ணு சம்சாரம்! முத்துக்கண்ணு சம்சாரம்! முத்துக்கண்ணு சம்சாரம்!"

திருவாரூர் தாலுக்கா ஆபீஸ் வாசலில் நின்று டவாலிச் சேவகன் மூன்று தரம் கூவிவிட்டு உள்ளே போனான். வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்த வேம்புவுக்கு அந்த முகம் தெரியாத பெண்மேல் இரக்கமாக இருந்தது.

"பாவம், எவளோ! பஸ்ஸ விட்டுட்டா போலருக்கு" என்றாள், பக்கத்தில் இருந்த மெஹராஜ் பேகத்திடம். அந்த அம்மாள் கூத்தாநல்லூர். ஏதோ சர்டிபிகேட்டுக்காகக் காலையிலிருந்து காத்திருந்தாள். இருவருக்கும் பழக்கம் என்று பார்த்தால் சேர்ந்து ஒரு வெற்றிலை மென்று துப்பிய அளவுதான்.

வேம்பு வந்தது மனைக்காக. பண்ணையாள் குடியிருக்கும் மனை இனி அவனுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. தெருவில் எல்லாருக்கும் பட்டா வந்துவிட்டது. இவள் மனைக்கு மட்டும் பண்ணைக் காரியஸ்தர் சிங்காரவேலு, 'அது எங்கள் மாட்டுக்கொட்டகை' என்று ஆட்சேபம் எழுதிப் போட்டிருந்தார். மாட்டுக்கொட்டகையாம்! முப்பது வருஷமாக அதில் அடுப்பு எரிந்தது, தொட்டில் ஆடியது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனைப் பாடையில் ஏற்றியதும் அதன் வாசலில்தான். இன்றைக்கு விசாரணை. ஆள் ஆஜராகாவிட்டால் மனை போச்சு. நடவு வேலையை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்தவளை மணி மூன்றாகியும் கூப்பிடக் காணோம்.

உள்ளேயிருந்து சிங்காரவேலு சிரித்த வாயோடு வெளியே வந்தார். வேம்புவைக் கண்டதும் சிரிப்பை விழுங்கிவிட்டுக் குடையை விரித்தார்.

"யாரு அது? ஒங்களப் பாத்து இந்த முழி முழிக்கிறாரு?" என்றாள் மெஹராஜ் பேகம்.

"எங்க பண்ணைக் காரியஸ்தரு பாயம்மா. எனக்கு எதிரா வந்திருக்கவரு."

"அவரு வேல முடிஞ்சு கெளம்புறாரே! ஒங்கள இன்னும் கூப்புடலையே?"

மெஹராஜ் பேகம் எழுந்து போய்ச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் விரல் வைத்துப் படித்தாள். "இந்தா இருக்கே. வேம்பு, கீழத்தெரு. முத்துக்கண்ணு சம்சாரம்."

"வேம்பு நாந்தான். அது யாரு முத்துக்கண்ணு? ஐயய்யோ, இந்த வயசுல எனக்கு எவனக் கட்டி வச்சுட்டானுவோ!"

"ஒங்க வீட்டுக்காரரு பேரு என்னா?"

வேம்பு தலையைக் குனிந்துகொண்டாள். மனு எழுதிய கணக்கப்பிள்ளை கேட்டபோதும் இப்படித்தான் குனிந்தாள். கட்டியவன் பேரைப் பெண்பிள்ளை சொல்லலாமா? "மூக்குத்தியில வைப்பாங்களே ஒசந்த கல்லு, அதுங்க. அப்பறம் மூஞ்சில ரெண்டு இருக்கே, அதுங்க" என்றாள். "புரியுது, புரியுது" என்று அவர் எழுதிக்கொண்டார். என்னத்தைப் புரிந்தது? முத்து எந்த ஊரில் ஐயா கல்லாச்சு? இவளுக்கோ எழுத்துத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அதே விடுகதையை இப்போது மெஹராஜ் பேகத்திடமும் சொன்னாள்.

"வைரக்கண்ணா?"

வேம்பு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மெஹராஜ் பேகம் அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். அதே நேரம் சர்டிபிகேட் ஜன்னலில், "கூத்தாநல்லூர் யாரு?" என்று குரல் கேட்டது.

"பாயம்மா, ஒங்களத்தான் கூப்புடுறாங்க."

"நாளைக்கு வந்துக்கிறேன். கூத்தாநல்லூர் என்ன சீமையிலயா இருக்கு? வாங்க அக்கா."

தாசில்தார் பைல்களை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். மெஹராஜ் பேகம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் கேட்டுவிட்டுத் தலையை அசைத்தார்.

"நீங்க சொன்னா செல்லாது. இது வாக்குமூலம். அந்தம்மாதான் வாயால சொல்லணும். ஒன் புருஷன் பேர் என்ன? சொல்லும்மா."

வேம்பு மெஹராஜ் பேகத்தைப் பார்த்தாள். பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கல்யாணமான புதிதில் இதே திருவாரூரில் தேர் பார்க்க வந்து கூட்டத்தில் தொலைந்துபோனாள். அப்போதும் பேரைச் சொல்லாமல், "இந்தாங்க! இந்தாங்க!" என்றுதான் கத்தினாள். நூறு ஆம்பிளை திரும்பிப் பார்த்தான். கடைசியில் அவரே தேடிக் கண்டுபிடித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எம் பேரச் சொல்லிக் கூப்புட்டா என்னா புள்ள? ஒரே ஒரு தடவ. ஒன் வாயால கேக்கணும்னு ஆசையா இருக்கு."

"போங்க. ஒங்க ஆயுசு எனக்கு வேணும்."

அதற்குப் பிறகும் விட்டாரா? நாற்றங்காலில், களத்தில், படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுகூடக் கேட்டார். அவள் சொல்லவேயில்லை.

மெஹராஜ் பேகம் காதோரம் குனிந்தாள். "அக்கா, கோச்சுக்காதீங்க. இனிமே கொறையறதுக்கு அவருக்கு ஏது ஆயுசு? சொல்லுங்க."

வேம்புவுக்கு அழுகை வந்துவிட்டது. பேரைச் சொல்லாமல் வைத்திருந்த மட்டும், மனுஷன் வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பத்தான் போயிருக்கிறார் என்று மனசு ஒரு மூலையில் நம்பிக்கொண்டே இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வைரக்கண்ணுங்க."

தாசில்தார் முத்துவை அடித்து வைரம் எழுதினார். டவாலி ஓடிப்போய் வாசல் கேட் அருகே இருந்த சிங்காரவேலுவை அழைத்து வந்தான்.

"இவங்க வீட்டுக்காரர் பேரு ஒமக்குத் தெரியாதா?"

"வைரக்கண்ணுதாங்க" என்று அவர் முனகினார்.

"தெரிஞ்சுகிட்டேதான் ஆள் வரலைன்னு சொன்னீரா? கொட்டகைக்கு ஏதாவது ரிக்கார்டு இருக்கா?"

சிங்காரவேலு குடைக்காம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்சேபம் தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் தாசில்தார். "மனை ஒனக்குத்தாம்மா. போய்ட்டு வா."

வேம்பு நகரவில்லை.

"ஐயா, இன்னொரு தடவ சொல்லிக்கிடவா?"

"அதான் எழுதியாச்சே, போதும்மா."

"ஒங்களுக்குப் போதுங்கய்யா. அவருதான் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார்.