ரெண்டின் பீப்பாய்

அந்தப் பீப்பாயைத் திறக்க லியூ சம்மதிக்கவில்லை. மூணு என்று கூப்பிடப்படுகிற கொழுந்தன் கெஞ்சிப் பார்த்தான், கத்திப் பார்த்தான், சோறு வேண்டாம் என்று கிண்ணத்தைத் தள்ளியும் பார்த்தான். அவள் அசையவில்லை. உள்ளே கிடப்பது போன வருஷத்து நெத்திலியும் உப்பும்தான். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்புப் போட்டு, மேலே கல்லை ஏற்றி, அடியில் இறங்கிய சாற்றை மறுபடி மறுபடி மேலேயே ஊற்றி, ஒரு முழு வருஷம் ஊறவைத்தாகிவிட்டது. இனி அடைப்பை உருவினால் முதல் சாறு சொட்டும். ஃபான் தியெட் கரையில் மீன்சாறு இல்லாமல் யாருக்கும் சோறு இறங்காது. அப்படிப்பட்ட ஊரில், பழுத்து நிற்கிற பீப்பாய்க்கு ஒருத்தி காவல் உட்கார்ந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தானே செய்வார்கள்?

அவளுக்குக் காரணம் இருந்தது. அந்த நெத்திலியைப் பிடிக்கப் போனபோதுதான் ரெண்டு என்கிற அவள் புருஷன் கடலில் விழுந்தான். வலையை இழுத்து மீனைப் படகில் கொட்டினான், கயிற்றைச் சுருட்டத் திரும்பினான், அவ்வளவுதான், ஆளைக் காணோம். மூணும் மற்றவர்களும் விடியும்வரை தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். வெறுங்கை என்று எந்த வாயால் சொல்வது, படகு நிறைய மீன் கிடந்தது. மீன் யாருடைய துக்கத்துக்கும் காத்திருக்காது, நாறிவிடும். லியூ உட்கார்ந்து அத்தனைக்கும் உப்புப் போட்டாள்.

அந்தக் கரையில் மூத்த பிள்ளையை யாரும் ஒன்று என்று கூப்பிடுவதில்லை. மூத்ததைத் தூக்கிக்கொண்டு போகிற ஏதோ ஒன்று தண்ணீரில் அலைகிறது. எண்ணிக்கையை ரெண்டிலிருந்து தொடங்கினால் அது ஏமாந்துபோகும் என்று நம்பிக்கை. அதனால் மூத்தவன் ரெண்டு, அடுத்தவன் மூணு. நிஜப் பெயரைக் கடல் காதுபட வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் லியூவும் புருஷனை ரெண்டு என்றுதான் கூப்பிட்டாள்.

உடம்பு கிடைக்காதவனுக்குக் காற்றுச் சமாதி கட்டுவார்கள். களிமண்ணில் ஆள் செய்து, எலும்புக்கு முசுக்கட்டைக் குச்சி சொருகி, பூசாரி கடலைப் பார்த்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டவன் வந்து களிமண்ணுக்குள் படுத்துக்கொள்வான். ரெண்டுக்கும் அப்படித்தான் செய்தார்கள். பூசாரி வெளியூர்க்காரர். பேர் என்ன என்று கேட்டார். அலை காலடியில் அடித்துக்கொண்டிருந்தது. மூணு பழக்க தோஷத்தில் “ரெண்டு” என்றான். அவரும் அந்தப் பெயரையே மூன்று தடவை கூவினார். லியூவுக்குச் சுருக்கென்றது, ஆனாலும் வாய் திறக்கவில்லை. போனவனின் பெயரை இனி எதனிடமிருந்து காப்பாற்றப் போகிறோம் என்று அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, போங்கள்.

சமாதி கட்டிய கொஞ்ச நாளிலேயே பீப்பாய் சொட்ட ஆரம்பித்தது. நடுமத்தியானம், ஊரே படுத்துக் கிடக்கிற வேளை, பீப்பாய் நிற்கிற கொட்டகைக்குள் சொட், சொட் என்று கேட்கும். லியூ ஓடிப்போய் அடைப்பைத் தடவிப் பார்ப்பாள். காய்ந்து கிடக்கும். கீழே மண்ணும் காய்ந்திருக்கும். காதை மரத்தில் வைத்தால் சத்தம் உள்ளேயிருந்து வரும். முதலில் அவள் பயந்து வெளியே ஓடிவந்துவிட்டாள். அப்புறம் அந்தச் சத்தம் கேட்காத நாளில் கை வேலை ஓடவில்லை. பாயைக் கொண்டுபோய்ப் பீப்பாய் ஓரத்திலேயே விரித்துவிட்டாள். ஆனாலும் சமாதியை விட மனசில்லாமல் தினமும் போய்ப் படையல் வைத்து அழுதுவிட்டு வந்தாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே அண்ணி. உப்பு உங்க தலைக்கு ஏறிடுச்சு,” என்றான் மூணு.

“உனக்கு உன் பொண்டாட்டி கூப்பிட்டாலே கேக்காது. அவர் உள்ளதான் இருக்கார்.”

“அண்ணன் விழுறதுக்கு முன்னாடியே மீன் படகுல ஏறிடுச்சு. நான் பக்கத்துல நின்னேன். இந்த மீனு அவரைத் தொடக்கூட இல்ல.”

“கடைசியா அவர் கை பட்டது இந்த மீனுதானே? வேற எங்க போவார்?”

மூணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து போய்விட்டான்.

திறந்தால் புருஷனை ஊருக்குச் சோற்றில் பிசைந்து கொடுத்த பாவம் வந்து சேரும் என்று லியூ பயந்தாள். திறக்காமலே விட்டாலோ அவன் அந்த இருட்டில் உப்பில் ஊறிக்கொண்டே கிடப்பான். இரண்டும் அவளைப் பிய்த்துத் தின்றன.

இப்படி இருக்கையில் வடக்குக் குடாவிலிருந்து ஒரு அம்மாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். பெயர் ஆறு. சமாதிக்குத் தினமும் படையல் வைக்கிற பெண் எந்த வீடு என்று விசாரித்துக்கொண்டு வந்தாளாம். லியூ தேநீர் கொடுத்தாள். அவள் குடிக்காமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பா எடுத்துக்காதம்மா. உன் சமாதில என் மகன் படுத்திருக்கான்.”

“என்ன சித்தி சொல்றீங்க?”

“என் மூத்தவன், அவனும் ரெண்டுதான். கணவாய் பிடிக்கப் போனவன் வரல. கல்யாணம்கூட ஆகல. இப்போ கனவுல வரான். ‘யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கம்மா, நீதான்னு நெனச்சுப் போயிட்டேன். சோறெல்லாம் நல்லாத்தான் போடுறாங்க. ஆனா ஒரு அக்கா வந்து உக்காந்து என்னைப் புருஷன்னு சொல்லி அழுறாங்க, எனக்குக் கூச்சமா இருக்கு’ன்றான். தினம் சிகரெட்டு வேற பத்த வெக்கிறியாமே. அவனுக்குப் புகை ஆகாதும்மா, சின்ன வயசுலேருந்தே இருமல்.”

லியூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது. தினமும் சிகரெட் பற்றவைத்தது அவளுக்கும் அந்தச் சமாதிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இந்தப் பெண்ணை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை.

“அப்போ என் வீட்டுக்காரர்?” என்றாள்.

“அவரை யாரும் இன்னும் கூப்பிடலியேம்மா. பேர் வெச்சிருப்பாங்கல்ல, அதைச் சொல்லிக் கூப்பிடு. எங்க இருக்காரோ அங்க போய்க் கூப்பிடு. எம்புள்ளைய மட்டும் எனக்குக் குடுத்துடு.”

லியூ கொடுத்துவிட்டாள். பழைய சமாதிக்கு ஆறு சித்தி கொண்டுவந்த வத்தியை இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏற்றினார்கள். மகனின் நிஜப் பெயரைச் சித்தி மண்ணுக்குள் குனிந்து சொன்னாள். லியூ தள்ளி நின்றாள், அந்தப் பையனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பக்கத்திலேயே மூணு புதுக்குழி வெட்டினான். பூசாரி மறுபடி வந்து களிமண் பிசைந்தார். இந்தத் தடவை, நீயே கூப்பிட்டுக் கூட்டிக்கொண்டு வா என்று அவளை அனுப்பிவிட்டார்.

மத்தியானம். லியூ கொட்டகைக்குள் போனாள். சொட், சொட் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பீப்பாய் முன்னால் மண்டி போட்டாள். கூப்பிட்டால் அவன் எழுந்து போய்விடுவான். நல்ல இடத்துக்குத்தான் போவான், காலை நீட்டிப் படுப்பான், அது தெரியும். ஆனால் நாளைக்கு இந்த வேளையில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இப்படியே விட்டுவிட்டால்தான் என்ன என்று ஒரு கெட்ட எண்ணம் வந்தது. அவன் உப்பில் கிடந்தாலும் பரவாயில்லை, என் பக்கத்தில் கிடக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

“லுவான்,” என்றாள்.

வாழ்ந்த காலத்தில் ஒரு தடவைகூட அவள் சொல்லாத பெயர். யாரோ அந்நியன் பெயர் மாதிரி இருந்தது.

“லுவான், எழுந்திரு. உனக்குப் படுக்கை போட்டாச்சு. மேட்டுலதான், காத்து நல்லா வரும். போய்ப் படு.”

சத்தம் நின்றது. மெல்லக் குறைந்து நிற்கவில்லை, பேச்சின் நடுவே ஒருவன் எழுந்து போவதுபோல நின்றது. வாசலில் வெயில் அடித்தது. லியூ காத்திருந்தாள். மேட்டிலிருந்து பூசாரியின் மணி கேட்டது, களிமண் ஆளை மூடுகிறார்கள்.

மூணு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். “திறக்கட்டா அண்ணி?”

அவள் தலையாட்டினாள். அவன் அடைப்பைத் தளர்த்தினான். சாறு கசிந்து, திரண்டு, கிண்ணத்தில் சொட்டியது. கரப்பான்பூச்சி இறகின் நிறம், அந்தக் கரையில் ஒரு மீன்சாற்றுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. உப்புப் போட்டவர்தான் முதலில் ருசி பார்க்க வேண்டும் என்பதால் மூணு கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தான். லியூ கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

நாக்கில் முதலில் உப்பு தெரிந்தது, அப்புறம் மீன், தொண்டையில் இறங்கும்போது ஒரு இனிப்பு. அருமையாக இருந்தது. நாக்கைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். வெறும் மீனும் உப்பும்தான், வேறு யாரும் அதில் இல்லை.

“சொட்டுது பாருங்க அண்ணி, நல்லா சொட்டுது,” என்றான் மூணு, சந்தோஷத்தில் குரல் உடைந்து.

எல்லாருக்கும் கேட்கிற சத்தம்தான் அது. லியூ கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மரத்தில் வாயை வைத்து, மூணுக்குக் கேட்காதபடி, இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள்.