தண்ணீர் போன வழி

காலை பத்தேகாலுக்கு மழை விட்டது. நான்கு நாட்களில் அதுதான் முதல் இடைவெளி. அதைப் பிடித்துக்கொண்டு சூசைரட்ணம் வட்டவளையிலிருந்து தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்துக்கு ஏறி வந்தார். தோளில் கறுப்புக் குழாய் வளையமாகக் கிடந்தது. இருபதடி. அடைப்பெடுக்க அதைவிட நல்ல கம்பி கிடையாது என்பது அவர் கட்சி.

எட்டு வீட்டு வரிசையில் கடைசி வீடு நாகலெட்சுமியுடையது. குசினியில் அடுப்பைச் சுற்றிக் கணுக்கால் அளவு கழுவுநீர் நின்றது. சோற்றுப் பருக்கையும் தேயிலைச் சக்கையும் மிதந்தன.

"மூணு வருசத்துக்கு முந்தி நீங்க போட்ட பைப்புதானேண்ணே. வாரண்டி கீரண்டி இருக்கா?"

"எனக்கே வாரண்டி இல்ல தங்கச்சி. பின்கதவத் தெற, வெளிச்சம் வரட்டும்."

கதவு பாதி வந்து நின்றது. அதன் அடியில் இழைத்த மரம் வெள்ளையாகத் தெரிந்தது.

"மழைக்கு ஊறிப்போச்சு. நேத்துதான் அவரு இழைச்சாரு. இன்னைக்கு மறுபடி புடிக்குது."

சூசைரட்ணம் தோள் கொடுத்துத் தள்ளினார்.

"சீக்கிரம் எடுத்து விடுங்கண்ணே. பத்து நாள் பச்சப்புள்ளைய இந்த நாத்தத்துல வைக்க வேணாம்னு நேத்து மக நிஷாந்திய நான்தான் கீழ் லயத்துக்கு அனுப்புனேன், மாமியா வீட்டுக்கு. மாமியா கொழுந்து பறிக்கப் போயிருக்கும். புள்ளையோட தனியாக் கெடக்கா. தண்ணி எறங்குனா மத்தியானமே கூட்டியாந்துருவேன்."

வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கழிவுநீர்க் கான் ஒன்று லயத்தின் பின்னால் ஓடியது. வீட்டுக்கு வீடு குசினியை நீட்டியபோது அதன் மேலேயே கொங்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். எட்டு வீட்டுக் குழாயும் அந்த இருட்டுக்குள்தான் விழுந்தது. அதில் ஐந்தைப் பொருத்தியவர் சூசைரட்ணம். நூறு வருசம் நின்ற கான், இன்னும் நூறு வருசம் நிற்கும் என்று சொன்னவரும் அவர்தான்.

தோளில் கிடந்த குழாயை இறக்கி, குசினித் தண்ணீர் போகும் குழிக்குள் விட்டார். ஆறடி போனது. பத்தடி போனது. பதினொன்றில் நின்றது.

கொழுப்பு என்றால் குத்தும்போது கொஞ்சம் இடம் கொடுக்கும். துணி என்றால் சுற்றிக்கொண்டு வரும். இது கல் விளிம்பு போல டக்கென்று தடுத்தது. வெளியே இழுத்தார். நுனியில் செம்மண். முகர்ந்து பார்த்தார். எண்ணெய் வாடை இல்லை, சோற்று வாடை இல்லை. புதிதாய் வெட்டிய குழியின் வாடை.

"என்னண்ணே?"

"மண்ணு."

"மூடின கானுக்குள்ள மண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

அவர் குழாயைத் திருப்பி இன்னொரு முறை குத்தினார். உள்ளே களக்கென்று ஒரு சத்தம். குசினித் தண்ணீர் சுழன்றது. ஒரே நிமிடத்தில் தரை தெரிந்தது.

"கைராசிண்ணே!" நாகலெட்சுமி விளக்குமாற்றை எடுத்தாள். "இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன். குடிச்சிட்டுப் போயி அவளக் கூட்டியாறேன்."

"அவசரப்படாத."

அவர் வெளியே போய்க் கானின் வாயைப் பார்த்தார். எட்டு வீட்டுத் தண்ணீரும் அங்கேதான் வந்து விழவேண்டும். ஒரு சொட்டு இல்லை. வாயின் குறுக்கே சிலந்திவலை கட்டியிருந்தது. ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை.

திரும்பி வந்தார். "பள்ளிக்கூடச் சட்டைக்குப் போடுற நீலம் இருக்கா?"

அவள் எடுத்துவந்த நீலப் போத்தலை முழுதாக வாளியில் கவிழ்த்துக் கலக்கி ஊற்றினார். அதன் பின்னால் இன்னும் இரண்டு வாளி. மூன்றையும் குழி விழுங்கியது. போய்ப் பார்த்தார். வலை அப்படியே இருந்தது.

"அப்ப தண்ணி எங்கண்ணே போகுது?"

"அதத்தான் பாக்கப் போறேன். லயத்துல இருக்க ஆளுகள வெளிய கூப்புடு. யாரும் உள்ள நிக்க வேணாம். நீயும்தான்."

அவள் சிரித்தாள். "அடைப்பெடுக்க வந்தீங்களா, வீட்டக் காலி பண்ண வந்தீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

கீழ் லயத்துக்கு நாற்பது படி. அதன் பின்புறம் மலையைத் தாங்கி ஒரு கல்மதில். நேர்மதில், அவர் சின்ன வயதிலிருந்து பார்த்தது. இப்போது நடுவில் ஒரு முழம் முன்னுக்கு வந்திருந்தது. கல் இடுக்குகளில் தண்ணீர் கசிந்தது. செந்நிறமான தண்ணீர்.

நின்று பார்த்தார். இரண்டு பீடி நேரம். பற்றவைக்கவில்லை.

முதலில் ஒரு கல்லுக்கடியில் நீலம் தெரிந்தது. பிறகு பக்கத்துக் கல்லில். பிறகு முழங்கால் உயரத்தில் மதில் நீளத்துக்கும். ஒரு சின்னக் கல் தானாகக் கழன்று அவர் காலடியில் விழுந்தது.

சூசைரட்ணம் முன்புறம் ஓடினார். மூன்றாவது வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தார்.

"நிஷாந்தி! புள்ளையத் தூக்கிட்டு வெளிய வா!"

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு அசையவில்லை. அவர் தோளால் இடித்தார். மறுபடி இடித்தார். நிமிர்ந்து பார்த்தார். நிலையின் மேற்சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் மூலையிலிருந்து கூரை வரை சுவரில் புது வெடிப்பு.

பிள்ளை அழுதது. பின்னால் மதிலிலிருந்து இன்னும் ஒரு கல் விழுந்தது.

"கதவு வர மாட்டேங்குது மாமா, காலையில இருந்தே இப்பிடித்தான்," என்றாள் நிஷாந்தி உள்ளேயிருந்து. "மழைக்கு ஊறிப்போச்சு போல. மேல அடைப்பு எடுபட்டுருச்சா?"