புடைத்த மண்

பாலத்துக்கு ஏறும் சாலைக்கு மண்மேடு போடும் குத்தகை அக்காள் கணவருக்குக் கிடைத்தபோது, அந்த வேலைக்கு மண் பொறியாளராக இருந்தவள் அவள்தான். சொந்தக்காரர் வேலை, எனக்குப் பதில் வேறு பொறியாளரைப் போடுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிப் பார்த்தாள். ஆள் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அங்கே அடியில் கிடந்தது தண்ணீர் குடித்து ஊறிய களிமண். மேலே பாரம் ஏறினால் உள்ளிருக்கும் தண்ணீர் மெல்லத்தான் வெளியேறும். வெளியேறிய பிறகுதான் மண்ணுக்குத் தெம்பு வரும். ஆகவே கொஞ்சம் கொட்டுவது, பொறுப்பது, மறுபடி கொட்டுவது என்று திட்டம் போட்டிருந்தாள். அத்தானோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட ரகம். மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று, அவள் வெளியூர் போயிருந்த வாரத்தில் மேட்டைச் சரசரவென்று உயர்த்திவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது மேட்டின் உச்சியில் நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. உள்ளங்கை தாராளமாக நுழையும். அவள் விரிசலை விட்டுவிட்டு, கீழே இறங்கி அடிவாரத்தைப் பார்த்தாள்.

"அத்தான், இங்க எதுக்கு வெட்டியிருக்கீங்க?"

"பக்கத்துல மண்ணு புடைச்சுக்கிட்டு வந்துச்சும்மா. பாக்க நல்லா இல்லையேன்னு வழிச்சுத் தள்ளிட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"மேட்டுக்கு அடியில நசுங்கின களிமண்தான் அங்க பிதுங்கி வந்திருக்கு. அந்தப் புடைப்போட பாரம்தான் மிச்சத்தைப் பிடிச்சு நிறுத்துச்சு. அதை எடுத்ததும் மேடு சரியப் பாக்குது."

அத்தான் அப்படியே குந்திவிட்டார். "அப்போ எல்லாத்தையும் பிரிக்கணுமா? நான் தலையில துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான்."

"பிரிக்க வேணாம். உச்சியிலேர்ந்து கொஞ்சம் எடுத்து, வெட்டின இடத்துல போடுவோம். முன்னால இருந்ததைவிட அகலமா."

"சரியற பக்கமே பாரம் ஏத்தச் சொல்றியே."

"ஆமா. சறுக்குற சக்கரத்துக்கு முன்னால கல்லு வைக்கிறோமில்ல, அது மாதிரிதான்."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அத்தான் யாரையும் ஏவவில்லை. தானே பொக்லைனில் ஏறினார். அடிவாரத்தில் முதல் லாரி மண் விழுந்ததும் அவள் விரிசலின் இரு பக்கமும் முளையடித்து இடைவெளியை அளந்துகொண்டாள். பிறகு மழைநீர் உள்ளே இறங்காதபடி விரிசலைத் தார்ப்பாயால் மூடினார்கள். மழை பிடித்தபோது இருவரும் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். அக்காள் போனில் கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்களா?"

"அதுக்கு நேரமே இல்லக்கா," என்றாள் இவள். அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார்.

விடிந்ததும் அளந்தாள். முளைகள் ஓர் இழைகூட நகரவில்லை. மறுபடியும் அளந்துவிட்டுத்தான் அவருக்குச் சொன்னாள்.

அதற்குப் பிறகு, களிமண்ணுக்குள் இறக்கியிருந்த குழாயில் தண்ணீர் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தினமும் அவளுக்கு முன்னால் அத்தான் போய்ப் பார்த்தார். மட்டம் போதிய அளவு இறங்கிய காலையில் லாரிகள் வரிசையாக வந்தன. முழங்கால் உயரம்கூட ஏறியிருக்காது. அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"இவ்வளவுதானா?" என்று ஓட்டுநர் முணுமுணுத்தார்.

"இன்னைக்கு இவ்வளவுதான். வண்டியை நிழல்ல போடுங்க."