வலிக்காத பந்து

வீலிங் நகர பேஸ்பால் அணிக்குப் பந்து பிடிப்பவன் லோரன்ஸ் ஹாப்ட். முப்பத்தைந்து வயது. கையுறை போடாத வலது கையில் நேராக நிற்கும் விரல் ஒன்றே ஒன்றுதான். மைல்ஸ் டெவிட் வீசும் பந்தை எட்டு வருடம் பிடித்ததில் கிடைத்த பலன் அது. டெவிட் வீசுகிற நாளில் உள்ளங்கை கன்றிப்போகாமல் இருக்க, பச்சை மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை இடக்கைக் கையுறைக்குள் திணித்துக்கொண்டுதான் களத்தில் இறங்குவான்.

1889 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, கறிக்கடை பூட்டியிருந்தது. வெறும் கையுறையோடு இறங்கினான். ஒன்பது ஓட்ட வித்தியாசத்தில் தோற்றார்கள். கையுறையைக் கழற்றிப் பார்த்தான். உள்ளங்கை சிவக்கக்கூட இல்லை.

"டெவிட் கை எப்படி இருக்கு?" என்று மேனேஜர் கேட்டார்.

"வெயில் ஜாஸ்தி சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

விடுதி அறையில் டெவிட் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். ஹாப்ட் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தான்.

"இன்னைக்குக் கறி வைக்கலடா. வலிக்கவே இல்ல."

டெவிட்டின் கை நின்றது. "ஜூன்லேருந்தே பந்துல வேகம் இல்ல. நீ பாட்டுக்குக் கறிக்கடைக்கு ஓடிட்டிருந்த. எப்படிச் சொல்றது?"

"மூணு மாசமா சும்மாவா நாறிக்கிட்டுத் திரிஞ்சேன்?"

"நீ கறி இல்லாமலே அப்படித்தான் நாறுவ."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பில் தெம்பில்லை. டெவிட் சட்டையை மாட்டிக்கொண்டு மேனேஜரைப் பார்க்கக் கீழே போனான். ஐந்தே நிமிடத்தில் திரும்பி, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுத்தான்.

"முடிஞ்சுது. நான் விலகிக்கறேன்னேன், இருன்னு ஒரு வார்த்தை சொல்லல. வேற ஆளு ரெடியா இருக்கான் போல."

தோள்வலியில் வருடக்கணக்காகச் சரியாகத் தூங்காதவன், மறுநாள் உச்சிவெயில் வரை அசையாமல் தூங்கினான். திங்கட்கிழமை ஆற்றுக்கு மேற்கே மச்சான் வேலை பார்க்கும் கண்ணாடி ஆலைக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'டேவிட் என்பவர் அணியிலிருந்து விலகினார்.' ஹாப்ட் இரண்டு முறை படித்தான். பத்திரிகை அலுவலகம் இரண்டு தெரு தள்ளித்தான். போய்ப் பெயரைத் திருத்தச் சொல்லலாம் என்று எழுந்தான். முழங்கால் இரண்டும் கடுத்தன. மூன்று மணிக்கு ஆட்டம் வேறு இருந்தது. மறுபடி உட்கார்ந்து, கோணல் விரல்களால் பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தொடங்கினான்.