பதினான்காம் ஸ்லைடின் நான்கு விநாடி

பதினான்காம் ஸ்லைடில் மட்டும் குரல் நான்கு விநாடி தேய்ந்து அடங்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோதே அவனுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. மற்ற இருபத்தேழு ஸ்லைடுகளுக்கும் குரல் தேய அரை விநாடி ஃபேட்தான். பாடத்தைச் செய்யச் சொன்ன தொழிற்சாலைக்காரர்கள், கார்ட்டூன் மனிதர்கள் இன்னும் கொஞ்சம் சிரிக்கலாம் என்பதைத் தவிர இதுவரை எதற்கும் வாய் திறந்ததில்லை. அவர்களுக்குத் திடீரென்று ஒலி ஞானம் எங்கிருந்து வந்தது?

கணினிப் பாடங்கள் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் சத்தம். ஒலி வேலை பார்ப்பதால் வந்த பெயர், வாயே திறக்கமாட்டான் என்பதால் நிலைத்துவிட்டது.

பாடத்தின் தலைப்பு 'புகார் செய்வது எப்படி'. இரண்டாயிரம் தொழிலாளர்களும் இதைக் கணினியில் கேட்டு முடித்து, கடைசியில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சான்றிதழ் வாங்க வேண்டும். பதினான்காம் ஸ்லைடில் கனிந்த பெண் குரல் ஒன்று, "உங்கள் புகார் மேற்பார்வையாளரைப் பற்றியது என்றால் அவரிடம் கொடுக்க வேண்டியதில்லை, நேராகப் புகார்க் குழுவை அழையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசி எண்ணை வாசிக்கும். எண் திரையில் இல்லை. திரையில் ஒரு கார்ட்டூன் பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"சார், நாலு செகண்ட் போட்டா நம்பர்ல பாதி கேக்காது."

"மியூசிக் மேல வரும்ல. நல்லாத்தான் இருக்கும்."

"நம்பர் முக்கியமில்லையா சார்?"

"தம்பி, அவங்க கேட்டாங்க, நாம செய்யறோம். நீ சத்தமா, சட்டமா?"

அந்தத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில்தான் அவன் அக்கா வேலை பார்த்தாள். ஷிஃப்ட் முடிந்த பிறகும் அவளைச் சரக்கறையில் தனியாக நிறுத்திவைத்துப் பேச்சுக் கொடுக்கும் சூப்பர்வைசர் ஒருவன் இருந்தான். இரண்டு முறை எழுதிக் கொடுத்தாயிற்று. "அவனப் பத்தின புகாருக்கு அவனே கையெழுத்துப் போட்டு மேல அனுப்பணுமாம். திருடன் கையில சாவி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை.

அக்கா அங்கே இருப்பது மேனேஜருக்குத் தெரியுமா? ஃபேட் கேட்டவன் அந்தச் சூப்பர்வைசரா, அவனுக்கு மேலே இருப்பவனா? யாரோ இசைப் பிரியர் நல்லெண்ணத்தில் கேட்டிருக்கலாம் என்றும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தான். ரசனையுள்ளவர் அந்தக் கார்ட்டூனை ஒப்புக்கொண்டிருப்பாரா என்று உடனே அதையும் சந்தேகப்பட்டான்.

அன்று சாயங்காலம் எண்ணைத் தாளில் எழுதி அக்காவிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"எனக்கு மட்டும் நம்பர் தெரிஞ்சா, யார் குடுத்தான்னு கேப்பாங்க. உன் வேலைக்கு உலை வைக்கவா? எல்லார் காதுலயும் விழட்டும்டா, அப்புறம் நான் கூப்புடறேன்."

மறுநாள் நான்கு விநாடி ஃபேட்டைப் போட்டான். மேனேஜர் கேட்டுத் தலையாட்டினார். அவர் போனதும் 'மறுபடி கேள்' பட்டனில் மட்டும் ஃபேட்டை எடுத்துவிட்டு, குரலை முழுசாக வைத்தான். ஒருவரும் சோதித்துப் பார்க்காத பட்டன் அது. அவன் பாடங்கள் செய்த நான்கு வருடங்களில் அதை அமுக்கியவர்கள் எல்லாம் கை தவறி அமுக்கியவர்கள்தான்.

"பதினாலாவதுல 'மறுபடி கேள்' அமுக்குக்கா. உன் கூட இருக்கறவங்ககிட்டயும் சொல்லு."

"ஒரு தடவ கேக்கறதே தண்டனைன்னு பேசிக்கறாங்க. ரெண்டு தடவயா?" என்றவள், அவன் முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள். "நீ இவ்வளவு பேசறவன் இல்லையே. சரி, சொல்றேன்."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொழிற்சாலையில் பாடம் திறந்தது. யார் எதை அமுக்கினாலும் அவன் கணினியின் அறிக்கைத் திரையில் எண்ணிக்கை ஏறும், பெயர்கள் சாயங்காலம்தான் வரும். பதினான்காம் ஸ்லைடு, மறுபடி கேட்ட தடவைகள்: பூஜ்யம். பத்தேகாலுக்கு ஒன்று. அவன் மாடிப்படிக்கு ஓடி அக்காவுக்குப் போன் போட்டான்.

"எங்க செக்‌ஷனுக்கு மத்தியானம்தான்டா. இங்க ஒருத்தரும் இன்னும் தொறக்கவே இல்ல."

திரும்பி வந்து உட்கார்ந்தபோது எண்ணிக்கை இரண்டாகியிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், என்றைக்கும் ஹெட்போன் மாட்டாத மேனேஜர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆள்காட்டி விரல் மௌஸின் மேல் ஒருமுறை அமுங்கியது. எண்ணிக்கை மூன்றானது. அவர் எழுந்திருக்கவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, உள்ளங்கையில் அந்தத் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, மெதுவாக எழுதத் தொடங்கினார்.