தகரத்தில் விழும் புன்னங்காய்

தையல்காரியின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நின்றது ஒரு புன்னை மரம் மட்டும்தான். வீடு கட்டிய புதிதில் அவள் கொய்யா வைத்தாள், மா வைத்தாள். உப்புக் காற்றில் இலை கருகி இரண்டும் போய்ச் சேர்ந்தன. யாரும் வைக்காத புன்னைதான் வெறும் மணலில் வேரோடி, தடித்த இலைகளால் ஜன்னலை மறைத்தது. அது தழைத்த பிறகே அவளுடைய மெஷின் துருப்பிடிப்பது குறைந்தது.

அதன் பெரிய கிளை ஒன்று பக்கத்து வீட்டுத் தகரக் கூரைமேல் நீண்டிருந்தது. அங்கே புதிதாகக் குடிவந்தவனுக்கு ஐஸ் கம்பெனியில் இரவு வேலை. ஒரு நாள் காலை, கண் சிவக்க, ரம்பத்தோடு வந்து நின்றான்.

"காய் தகரத்துல விழுந்து பகல்ல கண்ண மூட முடியல. அந்தக் கிளைய வெட்டிடறேன்க்கா. ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்டலாம்னு வந்தேன்."

"அதுதான் காத்தத் தடுக்குது தம்பி. காய் விழுதுன்னு யாராவது மரத்த வெட்டுவாங்களா?"

"நீங்க ராத்திரியில தூங்கறவங்க. உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது அவளைத் தைத்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தாள்.

மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனாள். அவன் உள்ளறையில் படுத்திருந்தான். அவன் மனைவியோடு அடுப்படியில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேல் டங்கென்று ஒரு சத்தம். தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காற்று வலுத்தது. கல்லெறிவதுபோல் காய்கள் விழுந்தன. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"காதுல பஞ்சு வச்சுப் பாத்தாரு" என்றாள் அவன் மனைவி. "காதுக்குப் பஞ்சு சரி. கூரைக்கு என்னத்த வைக்கறது?"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீடு திரும்பும்போது தையல்காரிக்குச் சிரிப்பு போய்விட்டது, அந்தக் கேள்வி போகவில்லை.

கடற்கரையில் கிழிந்த வலை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தாள். இரண்டாக மடித்து, ஓரத்தில் கயிறு கோத்துத் தைத்தாள்.

"ஊரே ரவிக்கைக்குக் காத்துக் கெடக்கு. நீ மரத்துக்குப் பாவாடை தைக்கறியா?" என்றான் அவள் கணவன்.

அவளும் கணவனும் கிளைக்குக் கீழே வலையைக் கட்டினார்கள். மறுநாளே முடிச்சு அவிழ்ந்து, சேர்ந்திருந்த காய் மொத்தமும் ஒரே நேரத்தில் தகரத்தில் கொட்டியது. அவள் வீடுவரைக்கும் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். கிளை போச்சு என்று நினைத்தாள்.

அவன் ஏணியை எடுத்துவந்து சாத்தினான். "தைக்கறது உங்க வேலை, முடிச்சுப் போடறது என் வேலைக்கா. கயித்தக் குடுங்க."

அந்தக் காய்ப்பு முடியும்வரை வலை அசையவில்லை. அவன் பகலில் அடித்துப்போட்டதுபோல் தூங்கினான். வேலையில்லாத நாளில் ஏறி, வலையில் சேர்ந்த காயையும் சருகையும் அள்ளுவான். அப்படி ஏறிய ஒரு நாள், மேலிருந்து குரல் கொடுத்தான்:

"இந்தக் காஞ்ச குச்சிய ஒடிக்கட்டுமாக்கா?"

"உங்க கூரைமேல இருக்கறதுக்கு என்னக் கேக்கணுமா?"

"மரம் உங்களுதாச்சே."

எந்த வௌவால் போட்ட கொட்டையோ, தான் வைத்ததா என்ன என்று நினைத்துக்கொண்டாள். "ஒடிங்க தம்பி, பக்கத்துல பூ இருந்தா மட்டும் பாத்துக்கங்க" என்றாள்.