பூனைக்காலி இல்லை

அய்யப்பனுக்கு ஓட ஆரம்பித்தால் அரிக்கும். சும்மா அரிப்பு இல்லை. வேர்வை வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்த நேரத்தில் கழுத்தில் ஓர் ஊசி இறங்கும். பிறகு முதுகு, மார்பு, தொடை என்று எறும்புக் கூட்டை மேலே கொட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். கேழ்வரகு அளவில் சிவப்புச் சிவப்பாய்த் தடிக்கும். கொஞ்ச நேரத்தில் சுவடே இல்லாமல் அடங்கியும் விடும். அந்தக் கொஞ்ச நேரத்தை ஒருத்தர் கண்ணிலும் படாமல் கழிப்பதுதான் அவனுடைய பெரிய வேலை.

இப்படி ஓர் உடம்பை வைத்துக்கொண்டு வடக்கனந்தல் கபடிக் குழுவில் பாடிப் போகிறவனாக இருந்தான் என்றால், அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தான். ஒருமுறை அரித்து அடங்கிவிட்டால் முழுசாக ஒரு நாளைக்கு மறுபடி வராது. இதை எந்த டாக்டரும் சொல்லவில்லை, அவனே கண்டுபிடித்தது. விடிவதற்குள் கோமுகி அணைக் கரைக்கு சைக்கிளில் போவான். அரிப்பு வரும்வரை ஓடுவான். வந்ததும் வாய்க்காலில் கழுத்தளவு இறங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். சாயங்காலம் ஆட இறங்கும்போது எல்லோரையும் போல ஓர் ஆள்.

வீட்டில் அம்மா லட்சுமியம்மாளுக்கு மட்டும் தெரியும். "சொறி புடிச்ச வூடுன்னு பேர் வந்துச்சின்னா உன் தங்கச்சிய எவன் கட்டுவான்" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குமேல் அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை. அன்றிலிருந்து அய்யப்பன் தூங்கும்போதுகூடச் சட்டையைக் கழற்றியதில்லை.

இடஒதுக்கீடு கேட்டு ஊர்கள் திரண்டு சாலையில் உட்கார்ந்த எண்பத்தேழாம் வருஷம் அது. சாலையில் வெட்டிச் சாய்த்த புளியமரங்களை அறுத்து எடுத்த பிறகும், கச்சிராயபாளையம் சாலையில் போலீஸ் வண்டி நின்றுகொண்டே இருந்தது. இருட்டில் ஓடுகிற இளவட்டத்தைக் கண்டால் எதற்கு ஓடுகிறாய் என்று கேட்பார்கள். அய்யப்பன் என்னவென்று சொல்லுவான்? ஓடாமல் வீட்டிலேயே கிடந்தான்.

ஆயுத பூஜைக்குத் தியாகதுருகம் குழு ஆட வந்தது. தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீடும் அந்த ஊர்தான். அவர்களில் நாலு பேர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை வேர்க்காமல் ஓரத்தில் நின்று சமாளித்த அய்யப்பன், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பாடிப் போனான். ஒருவனைத் தொட்டும் விட்டான். திரும்பி ஓடிவந்து கோட்டைத் தொட வேண்டியதுதான் பாக்கி. அப்போது கழுத்தில் ஊசி இறங்கியது. கை தானாகக் கழுத்துக்குப் போனது, பிறகு முதுகுக்கு. பாட்டு நின்றது. ஆட்டக்களத்தின் நடுவில், ஊரே பார்க்க, இரண்டு கையாலும் சொறிந்துகொண்டு நின்றான். பிடிக்க வந்தவர்களே தொடலாமா வேண்டாமா என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

குழுத் தலைவன் தெய்வசிகாமணி ஓடிவந்தான். "இன்னாடா இது, எவனாவது பனியன்ல பூனைக்காலி தடவிட்டானா?"

பூனைக்காலி கல்வராயன் மலையில் படர்கிற கொடி. அதன் காய்மேல் இருக்கிற சுணை பட்டால் மனுஷன் தோலை உரித்துப் போட்டுவிடலாமா என்று நினைப்பான். அய்யப்பன் நாற்காலிகளைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். ஆமாம் என்று வாயைத் திறந்து சொல்லவில்லையே என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். தலையை ஆட்டியதே போதுமானதாக இருந்தது.

பனியன் மூட்டையைத் துவைத்து எடுத்து வந்தவன் சின்னக்கண்ணு. காலனி ஆள், அய்யப்பன் வீட்டு நிலத்தில்தான் வேலை. போன வாரம் கடுக்காய் பொறுக்க மலைக்குப் போய்வந்திருந்தான். மறியல் நாளிலிருந்து தெருவும் காலனியும் முகம் கொடுத்துப் பேசாத சமயம் வேறு. இதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் காலையில் அய்யப்பன் கேள்விப்பட்டுக் களத்து மேட்டுக்கு ஓடினான். மோட்டார் கொட்டகைக் கம்பத்தில் சின்னக்கண்ணுவைக் கட்டி வைத்திருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. அய்யப்பனைப் பெற்றிருக்கக்கூடிய வயசு அந்த மனுஷனுக்கு.

"அவுத்து வுடுங்க. பூனைக்காலி இல்ல. அது என் உடம்புல இருக்கிற கோளாறு" என்றான்.

தெய்வசிகாமணி சிரித்தான். "வேலைக்கு ஆள் போயிடுவான்னு பாக்கறியா? உன் உடம்ப எங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. பாருங்க."

சட்டையைக் கழற்றி எறிந்தான். ஊரார் முன்னால் வெற்று முதுகோடு களத்தைச் சுற்றி ஓடினான். வேர்வை வந்தது. மூச்சு வாங்கியது. அரிப்பு மட்டும் வரவில்லை. மேலும் ஓடினான். வேர்வை வழிந்த முதுகு துலக்கின செம்பு மாதிரி இருந்தது. நேற்றுச் சாயங்காலம் வந்து அடங்கிய அரிப்பு இன்றைக்கு அதற்குள் வராது என்பது பாதி ஓட்டத்தில்தான் உறைத்தது. இத்தனை வருஷம் அவனைக் காப்பாற்றிய தந்திரம் இப்போது சின்னக்கண்ணுவைக் கைவிட்டது.

கூட்டத்தின் ஓரத்தில் அம்மா நின்றிருந்தாள்.

"எம்மா, நீ சொல்லு. உனக்குத் தெரியுமில்ல."

லட்சுமியம்மாள் சின்னக்கண்ணுவைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். "எம் புள்ள உடம்புல ஒரு கொறையும் இல்ல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தாள். அவளைத் திட்ட அவனுக்கு வாய் வரவில்லை. நேற்று அவன் செய்ததும் இதுதானே.

"நாளைக்குக் காலைல திரும்பவும் ஓடறேன். அதுவரைக்கும் எவனும் இவரத் தொடக்கூடாது. நானும் இங்கியே இருக்கேன்" என்றான் அய்யப்பன். சின்னக்கண்ணுவை 'இவர்' என்று அவன் சொன்னது அதுதான் முதல்முறை. தெய்வசிகாமணி தோளைக் குலுக்கினான். கட்டை மட்டும் அவிழ்க்க விடவில்லை. காவலுக்கு இரண்டு பேரை வைத்துவிட்டுப் போனான்.

அய்யப்பன் கம்பத்தின் அடியில் உட்கார்ந்தான். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து சின்னக்கண்ணு வாயில் ஊற்றினான்.

சின்னக்கண்ணுதான் முதலில் பேசினான். "வாய்க்கால்ல நின்னுக்கினு இருப்பீங்க. நான் மடை தெறக்க வரப்ப பாத்திருக்கேங்க."

அய்யப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரியுமா உனக்கு? அடிக்கறப்ப சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொல்லியே நம்பல, ஆண்டே. நான் சொன்னா?"



விடிந்ததும் ஆட்கள் வந்தார்கள். நேற்றைவிடக் கூட்டம் அதிகம். தியாகதுருகத்துக்கும் செய்தி போயிருக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் வரப்பில் நின்றார்கள். அய்யப்பன் அவர்களைப் பார்த்துக்கொண்டே சட்டையைக் கழற்றினான். ஓடினான். வாழ்க்கையில் முதல்முறையாக, வந்துவிடு வந்துவிடு என்று அந்த அரிப்பைக் கெஞ்சிக் கூப்பிட்டான். இரண்டு சுற்று ஒன்றுமில்லை. தெய்வசிகாமணி காறித் துப்பிவிட்டுக் கம்பத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.

கழுத்தில் ஊசி இறங்கியது.

அய்யப்பன் ஓடிவந்து கூட்டத்தின் நடுவில் நின்றான். கையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி முதுகைக் காட்டினான், மார்பைக் காட்டினான். எல்லோர் கண்ணெதிரிலும் ஒவ்வொரு புள்ளியாகத் தடித்துச் சிவந்தது. முன்னால் நின்றவர்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள். வரப்பில் நின்ற இரண்டு பேரும் பஸ் ரோட்டுப் பக்கம் நடந்தார்கள். தங்கையின் முகம் ஞாபகம் வந்தது அவனுக்கு.

கட்டை அவிழ்க்க யாரும் வரவில்லை. தெய்வசிகாமணி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். அய்யப்பன்தான் கம்பத்தருகே குனிந்தான். இரவுப் பனியில் நனைந்த கயிறு, முடிச்சு இறுகிக் கிடந்தது. உடம்பு முழுக்க நெருப்பு மாதிரி அரித்தது. சொறிய ஒரு கையை எடுத்தால் முடிச்சு நழுவியது. எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை.

சின்னக்கண்ணு கிழிந்த உதட்டோடு மெதுவாகச் சொன்னான்.

"மொதல்ல சொறிஞ்சிக்குங்க ஆண்டே. நான் எங்க போயிடப் போறேன்."